ஐந்தில் ஒரு நொடி

பைக்கிடம் பேசினால்தான் அது கிளம்பும் என்று சட்டம் வந்த வருஷம்தான் என் கடைக்கு முதன்முதலாகக் கூட்டம் வந்தது. மதுரை மீனாட்சி பஜாரில் எட்டுக்கு ஆறடிக் கடை. ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கரும் மைக்கும் வைத்துக் கொடுப்பது தொழில். என் பெயர் ரெஜினா. எனக்கு வாய் நீளம் என்று பஜாரில் சொல்வார்கள். இந்த பஜாரில் கடை வைத்திருக்கும் பொம்பளைக்கு வாய் நீளம் இல்லையென்றால் ஷட்டரோடு சேர்த்து நம்மையும் சுருட்டி வைத்துவிடுவார்கள் என்பது சொல்கிறவர்களுக்குத் தெரியாது.

சட்டத்துக்குக் குரல் சாவி என்று பெயர். தினமும் காலையில் வண்டித் திரையில் ஒரு வாக்கியம் வரும். ஹெல்மெட் மைக்கில் ஏழு நொடிக்குள் அதைச் சொல்லி முடிக்க வேண்டும். தெளிவாகச் சொன்னால் வண்டி கிளம்பும். நாக்கு குழறினால் போதை என்று பதிவாகும். மூன்று பதிவு சேர்ந்தால் ஐந்து வருஷத்துக்கு லைசென்ஸ் கிடையாது, அத்தோடு பெயரும் போட்டோவும் சிக்னலுக்குச் சிக்னல் பெரிய திரையில் ஓடும். குடித்துவிட்டு ஓட்டுபவன்மேல் எனக்கும் இரக்கம் கிடையாது. விபத்து குறைந்தது என்றார்கள். குறைந்தும் இருக்கலாம்.

கம்பெனிக்காரன் விற்ற குரல் ஹெல்மெட்டை வாங்க ஒரு டெலிவரிப் பையன் ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே கொடுக்க வேண்டும். ஆனால் சட்டத்தில் 'வயரில்லா மைக் உள்ள எந்த ஹெல்மெட்டும்' என்றுதான் இருந்தது. அந்த ஒரு வரியில்தான் என் பிழைப்பு. குப்பைக்குப் போன, கழுத்தில் மாட்டும் நெக்பேண்ட் ஹெட்போனிலிருந்து புளூடூத் போர்டைக் கழற்றுவேன். பழைய ஹெட்போன் ஸ்பீக்கரின் பிளாஸ்டிக் கிண்ணத்தைச் சீவி எறிந்துவிட்டு, காதுக்கு நேரே துணிக்கு அடியில் உட்கார வைப்பேன். மைக்குக்குப் பாத்திரம் தேய்க்காத புது ஸ்பாஞ்சில் ஒரு குல்லா போட்டு தாடைப் பக்கம் ஒட்டினால் காற்றுச் சத்தம் அடங்கிவிடும். பேட்டரி பிடரியில், கீழ் ஓரமாக. ஓட்டில் துளை போடமாட்டேன், உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மாகோலைச் சுரண்டமாட்டேன். மண்டையைக் காப்பாற்றத்தான் ஹெல்மெட், பாட்டு கேட்க அல்ல. இதில் வாதம் பண்ண வந்தவர்களை வாசலோடு அனுப்பியிருக்கிறேன்.

அழகுமலை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தான். சிம்மக்கல்லிலிருந்து தள்ளியிருக்கிறான், சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. முப்பது வயதிருக்கும். கிளினிக்குகளில் எடுக்கும் ரத்த மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுபோகிற வேலை.

"என்ன தம்பி, வண்டி படுத்திருச்சா?"

அவன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணை இறுக்கி மூடினான். பிறகுதான் வந்தது.

"வ... வ... வண்டி நல்லாருக்குக்கா. எ... எனக்குத்தான் வாய் சரியில்ல."

திக்குவாய். ஆறு வயதிலிருந்து. குரல் சாவிக்கு அது தெரியாது. அது கேட்பது, வாக்கியம் ஒழுங்காக வந்ததா இல்லையா என்பதை மட்டும்தான். நல்ல நாளில் எப்படியோ ஏழு நொடிக்குள் சொல்லிவிடுவான். கெட்ட நாளில் இரண்டு முறை மாட்டியிருக்கிறான். இரண்டுமே போதை என்று பதிவாகியிருந்தது. அன்று காலையில் மூன்றாவது பதிவு விழுந்துவிடுமோ என்று பயந்துகொண்டு, பேசாமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

"டாக்டர் சர்ட்டிபிகேட் குடுக்க வேண்டியதுதான?"

"கு... குடுத்தேன். 'படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல'ன்னுட்டாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "கட்டம் இல்லையாம்ல! ஊரையே கட்டத்துக்குள்ள அடைச்சுப்புட்டு, திக்குற மனுசனுக்கு மட்டும் எடமில்லையாக்கும்!"

அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. "எங்கப்பா கு... குடிச்சேதான் செத்தாருக்கா. நான் ஒரு சொட்டு தொட்டதில்ல. எம்மக தமயந்தி ரெண்டாப்பு படிக்குது. 'அப்பா, நீயும் குடிப்பியா'ன்னு நேத்து கேக்குது. அவ ப... பள்ளிக்கூடத்து முக்குலதான் அந்தத் திரை இருக்கு." இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு ஒரு டீ ஆறுகிற நேரம் ஆனது. ஆறிய டீயைக் குடித்தான்.

மைக்கை நன்றாக வைத்தால் கொஞ்சம் உதவுமா என்று கேட்கத்தான் வந்திருந்தான். கையில் தயாராக வேறு செட் இல்லை. திரும்பி வந்தவைதான் கிடந்தன. அந்த மாதம் வாங்கிய போர்டுகளில் எல்லாம் ஒரு வயரை நான் இடம் மாற்றி ஈயத்தால் பத்தவைத்துவிட்டேன். பேசுகிறவன் குரல் போர்டைச் சுற்றிவிட்டுக் கொஞ்சம் பிந்தி அவன் காதுக்கே திரும்பி வந்தது. ஐந்தில் ஒரு நொடி, அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தும், அவ்வளவுதான். "தலைக்குள்ள இன்னொருத்தன் ஏறி உக்காந்திருக்கான்க்கா" என்று திட்டி, பதினேழு பேர் திருப்பிக் கொண்டுவந்து எறிந்துவிட்டுப் போனார்கள். ஸ்பாஞ்சு உறுத்துகிறதா என்று பார்க்க மட்டும் அதில் ஒன்றை ஹெல்மெட்டில் வைத்து அழகுமலையின் தலையில் மாட்டினேன்.

"ஏதாச்சும் பேசு."

"என்ன பேச? எக்கா, இதுக்குள்ள எவனோ என்கூடவே சேந்து பேசுறான். நான் சொல்றதையே பின்னாடியே சொல்லிக்கிட்டு வர்றான். யாருக்கா இவன்?"

நான் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். அவனும் நிறுத்திவிட்டான். ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை.

"திருப்பிச் சொல்லு" என்றேன்.

"எம்பேரு அழகுமலை. ஊரு மேலக்குயில்குடி. எம்பொண்டாட்டி பேரு ஈஸ்வரி. எம்மக பேரு தமயந்தி." அப்படியே கடகடவென்று சொன்னவன், ஹெல்மெட்டோடு என் ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். கண்ணாடி முழுக்க ஆவி.

பிறகு ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவனே விளக்கினான். "சின்னதுல ஒரு டாக்டரம்மா சொன்னாக. கூட ஒருத்தர் சேந்து சொன்னா திக்காதாம். நெசந்தான். அழகர் ஆத்துல எறங்கையில கூட்டத்தோட கோவிந்தா போடுவேன்ல, அப்பத் திக்காது. தனியாச் சொல்லணும்னாத்தான் நாக்கு கட்டிக்கிரும். இந்த மிசினு என்னையே எனக்குத் தொணைக்கு அனுப்புதுக்கா."

பதினேழு பேர் காறித் துப்பிய கோளாறு. அடடா என்று என் தலையில் நானே தட்டிக்கொண்டேன்.

நாற்பது நாள் அழகுமலையின் வண்டி காலையில் தவறாமல் கிளம்பியது. சங்கதி எப்படியோ பரவி, திருமங்கலத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார், மேலூரிலிருந்து மாவு மில்காரர் வந்தார், பேசப் பயந்தே வண்டியை விற்கப் போன ஒரு நர்ஸ் வந்தாள். திரும்பி வந்த பதினேழில் பதினொன்று தீர்ந்தது. வேண்டுமென்றே வயரை மாற்றிப் பத்தவைக்கவும் ஆரம்பித்தேன்.

நாற்பத்தோராம் நாள் குரல் சாவி ஆணையத்திலிருந்து இரண்டு கடிதம் வந்தது, அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இரண்டு முறை போதையில் பிடிபட்டவரின் குரல் திடீரென்று இத்தனை தெளிவானது இயற்கையல்ல. உள்ளூர்க் கருவி ஒன்றை வைத்து இயந்திரத்தை ஏமாற்றியதாக ஐயம். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. நிரூபணமானால் அதுவே மூன்றாம் பதிவு. அன்று சாயங்காலமே அவன் முகம் திரையில் ஏறிவிடும்.

"செட்டை மாட்டிக்கிட்டே பேசிரு" என்றேன். "எல்லார் முன்னாடியும் பொளந்து கட்டு. ஒனக்குப் போதை இல்லைன்னு அவிங்களுக்கே புரிஞ்சுரும்."

அவன் தலையை ஆட்டினான். "மா... மாட்டேன்."

"கிறுக்கா ஒனக்கு? லைசென்ஸ் போயிரும்யா!"

"தெ... தெனமும் வண்டி கெளப்பணும்னு மாட்டுனேன். அது வேற. நான் கு... குடிகாரன் இல்லைன்னு சொல்றதுக்கு, நா... நான் எதுக்குக்கா இன்னொருத்தன் மாதிரிப் பேசணும்? எவ்வளவு நேரமானாலும் இந்த வா... வாயாலதான் சொல்லுவேன்."

எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அவன் சொன்னதில் நியாயம் இருந்ததால் இன்னும் கூடுதலாக வந்தது. ஆனாலும் வியாழக்கிழமை காலையில் ஹெல்மெட்டை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

ஆணையத்தின் மேல்மாடிக் கூடத்தில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் போதை என்று பதிவானவர்கள். பல் கட்டாத ஒரு கிழவர், பக்கவாதம் வந்து பாதி வாய் இழுத்துக்கொண்ட ஒரு காய்கறிக்காரம்மா, கீழ் உதட்டில் தையல் போட்ட ஒரு பையன். நடுவில் மேடை, அதன்மேல் சோதனைத் திரை. மேசைக்குப் பின்னால் விசாரணை அலுவலர் பொன்னம்பலவாணன்.

இவரைத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவதொரு கல்யாண மண்டபத்தில் பட்டிமன்ற நடுவராக உட்கார்ந்திருப்பார். குரல் என்றால் அப்படி ஒரு குரல், வெண்கலக் குடத்தில் தட்டியதுபோல் கணீரென்று இருக்கும். மூச்சு விடாமல் மூன்று நிமிஷம் அடுக்குமொழியில் பேசிக் கைதட்டு வாங்குவார். அவர் பக்கத்தில் எழுத்தர் பிரேமா, ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு.

"அழகுமலை! எந்தத் துணைக் கருவியும் இல்லாமல் திரையில் உள்ள வாக்கியத்தைச் சொல்லுங்கள். இது விசாரணைச் சோதனை. பதிவாகாது" என்றார். பிரேமா ஒரு பொத்தானை அழுத்தினாள்.

'வைகைக் கரையில் வரிசையாய் வந்த வாத்துகள் வழி மாறவில்லை.'

ஏழு நொடி முடிந்தபோது அழகுமலை 'வை'யைத் தாண்டவில்லை. திரை சிவந்து தானாகவே பழைய நிலைக்குத் திரும்பியது. அவன் நிறுத்தவில்லை. சிவந்த பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தான், வாத்துக்கு வந்து சேர்ந்தான்.

"போதும் போதும், வாத்துகள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டன" என்றார் அலுவலர். கூடத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள், அலுவலரிடம் காரியம் ஆக வேண்டியவர்கள். "ஆக, கருவி இல்லாவிட்டால் இந்த நிலை. கருவி இருந்தால் நாற்பது நாளும் நூற்றுக்கு நூறு. இயந்திரம் ஏழையா பணக்காரனா என்று பார்ப்பதில்லை, தெரிந்தவனா தெரியாதவனா என்று பார்ப்பதில்லை. கேட்டதைச் சொல்லும், சொன்னதை மாற்றாது. அதை ஏமாற்றத்தான் இந்த அம்மாள் ஏதோ ஒரு குரலை ஹெல்மெட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்."

"ஒரு குரலும் ஒளிக்கல சார். பேசுறவுக கொரலேதான் அவுக காதுக்கு வரும்" என்றேன்.

"அதை நான் நம்ப வேண்டுமா? இப்படிக் கொடுங்கள். உள்ளே ஒளிந்திருப்பது யார் என்று நானே கேட்டுச் சொல்கிறேன்."

துணிப்பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்தேன். திக்காதவன் மாட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டது தப்புதான். ஆனால் அவர் கேட்கவும் இல்லை.

மாட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். நாற்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார், பழக்கதோஷம். திரையில் பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது.

"வைகைக் கரையில்... கரை... யில் வரி... வரிசை... சையாய் வ... வந்... வா..."

திரை சிவந்தது. கணக்காக ஒரு பெண் குரல் சொன்னது: "போதை. முதல் பதிவு. உரிமதாரர், பொன்னம்பலவாணன்." லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோருடைய குரலும் அதற்குத் தெரியும். விசாரணைப் பொத்தானை அழுத்தச் சொல்ல அவர் மறந்துபோனார், அவர் சொல்லாமல் பிரேமா அழுத்தமாட்டாள்.

அப்புறம் காய்கறிக்காரம்மா அந்தப் பாதி வாயாலேயே ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது.

"அமைதி!" என்று கத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை முழுத் தொண்டையில். எவ்வளவு சத்தமாகப் பேசினாரோ அவ்வளவு சத்தமாக அவர் குரலே திரும்பி வந்து அவர் நாக்கைப் பிடித்து இழுத்தது. "வை... வைகைகை... க்கரை..." இழுத்தார், நிறுத்தினார், முதல் எழுத்துக்கே திரும்பினார். நெற்றி வியர்த்துவிட்டது.

"போதை. இரண்டாம் பதிவு."

"சார், கழட்டிருங்க சார்" என்றாள் பிரேமா, எழுந்து நின்று. "இன்னொண்ணு விழுந்தா சாயங்காலம் திரையில நீங்கதான் சார் வருவீங்க."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முடியெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. "என்ன செய்தீர்கள்?" என்று என்னைக் கேட்டார். வெண்கலம் எங்கே போனதென்று தெரியவில்லை, குரல் வீட்டுக்குரலாக வந்தது.

"ஒண்ணும் செய்யல சார். நம்ம பேச்சு அஞ்சுல ஒரு நொடி பிந்தி நம்ம காதுக்கே வந்தா, திக்குறவுகளுக்கு அது தொணை. திக்காதவுகளுக்கு அதுதான் எடைஞ்சல், நாக்கு பின்னிக்கிரும். எனக்கும் பின்னும். காலைல சாயாதான சார் குடிச்சிங்க?"

"சாயா மட்டும்தான்."

"நம்புறேன். மிசினு நம்பலையே."

அவர் பிரேமாவைப் பார்த்தார். "இந்த இரண்டு பதிவையும் நீக்குங்கள்."

"நீக்க முடியாது சார். கருவிப் பிழைன்னு விசாரணை அலுவலர் காரணத்தோட எழுதினா மட்டும்தான் நீக்கலாம். அதுக்குத் தனிப் படிவம் இருக்கு." அலமாரியைத் திறந்து படிவக்கட்டு ஒன்றை எடுத்தாள். மேலே சுற்றிய காகிதம்கூடப் பிரிக்கப்படவில்லை. இத்தனை நாளில் ஒருவருக்கும் அது கொடுக்கப்படவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. உதட்டில் தையல் போட்ட பையன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான், யாரும் அவனை அதட்டவில்லை.

அலுவலர் ஒரு தாளை உருவினார், பேனாவைத் திறந்தார். தன் பெயரை எழுதக் கையை வைத்தபோது அழகுமலை மேசை முன்னால் வந்து நின்றான். தாளின்மேல் தன் உள்ளங்கையை வைத்தான்.

"மொ... மொ..."

பொன்னம்பலவாணன் நிமிர்ந்து பார்த்தார். அழகுமலை கண்ணை மூடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மொ... மொதல்ல எனக்கு எழுதுங்க சார். அ... அடுத்து இந்தா உக்காந்திருக்காகள்ல, இ... இவுகளுக்கு எழுதுங்க. நீ... நீங்க கடேசி."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். மூக்கு விடைத்தது. எழுந்துபோய்விடவும் அவரால் முடியும். ஆனால் நாற்பது பேரும் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுவிட்டார்கள், யாரும் அங்கிருந்து நகரவில்லை. அவர் பேரில் இரண்டு பதிவு இருந்தது, அவர் கையால் எழுதாமல் அதற்கு விடிவும் இல்லை. சோதனைத் திரையைப் பார்த்தார், அழகுமலையைப் பார்த்தார், பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு எழுதினார். மூன்றே வாக்கியம். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, "வாசித்துக் காட்டுங்கள்" என்று பிரேமாவிடம் நீட்டினார்.

அழகுமலை இடையில் கை நீட்டி வாங்கிக்கொண்டான். "நா... நானே வாசிக்கிறேன்."

நான் ஹெல்மெட்டை எடுத்து அவன் பக்கம் நீட்டினேன். வெற்றி வாக்கியங்களையாவது தடங்கலில்லாமல் சொல்லட்டுமே என்றிருந்தது எனக்கு. அவன் அதைப் புறங்கையால் மெதுவாகத் தள்ளிவிட்டான்.

"மே... மேலக்குயில்குடி அ... அ... அழகுமலை..."

தன் பெயரில்தான் எப்போதும் அதிகம் மாட்டுவான். பத்து நொடி ஆனது, இருபது ஆனது. கீழே ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்டது. சிரித்த நாலைந்து பேரும் இப்போது அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நா... நாக்குத் த... தடுமாற்றம் உள்ளவர். இ... இது இயந்திரத்தின் தவறு. இ... இவர் கு... கு... குடிகாரர்..."

கடைசி வார்த்தையில் நின்றுபோனது. கழுத்து நரம்பு புடைத்தது. அது என்ன வார்த்தை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பல் கட்டாத கிழவருக்குத் தெரியும், பிரேமாவுக்குத் தெரியும், எழுதிய பொன்னம்பலவாணனுக்குத் தெரியும். என் நாக்கு நுனியில் அது வந்து நின்றது. ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை, நின்றபடியே காத்திருந்தோம்.

"அல்ல" என்றான் அழகுமலை.